சுகந்தவர்க்கத்தோடு போன பெண்கள்

எங்கள் ஊரில் ஒரு பெண் இறந்துபோனால், குருவானவருக்குப் போன் போவதற்கு முன்னாலேயே பல சமயம் எனக்கு வந்துவிடும். "அத்தை, அம்மா போயிட்டாங்க, கொஞ்சம் வாங்களேன்" என்பார்கள். அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் நர்சாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஊர் நாசரேத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரிக்காட்டை ஒட்டி இருக்கிறது. சபையில் சின்னவர்களுக்கு நான் அத்தை, பெரியவர்களுக்கு சிஸ்டர். இறந்த பெண்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, பெட்டியில் வைக்கும் வேலை எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது. யாரும் நியமிக்கவில்லை. முதலில் சொந்தக்காரர் ஒருவருக்குச் செய்தேன், அடுத்து பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள், அப்புறம் ஊரே கூப்பிட ஆரம்பித்தது.

ஈஸ்டரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு இதிலிருந்துதான் ஆரம்பிக்க வருகிறது. அந்த முதல் ஈஸ்டர் விடியலில் கல்லறைக்குப் போன பெண்கள் உயிர்த்தெழுதலைப் பார்க்கப் போகவில்லை. இதே வேலையைச் செய்யத்தான் போனார்கள்.

இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். மனசு பலவீனமானவர்கள் அடுத்த இரண்டு பத்தியைத் தாண்டிப் போகலாம்.

உயிர் போன இரண்டு, மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்க ஆரம்பிக்கும். தாடையிலும் கழுத்திலும்தான் முதலில் தெரியும். அதற்குள் போய்விட்டால் வேலை சுலபம். கண்ணை மூடி, ஈரப் பஞ்சை இமைமேல் சற்று நேரம் வைக்க வேண்டும். பல்செட் கழற்றி வைத்திருந்தால் தேடிப்பிடித்துப் போட வேண்டும், இல்லையென்றால் முகமே மாறிப்போகும். வாய் திறந்து நிற்காமல் இருக்க, தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரை ஒரு துணியைக் கொடுத்துக் கட்ட வேண்டும். கை கால்களை நேராக்கி, பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கையில் ஊசிக்குழாய் இருந்தால் எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்து ஒட்ட வேண்டும். இதெல்லாம் ஆன பிறகுதான் வெதுவெதுப்பான தண்ணீரும் சோப்பும்.

முதுகைத் துடைக்க ஒருக்களித்துப் புரட்டும்போது, நெஞ்சில் மிச்சமிருக்கும் காற்று சில சமயம் ஒரு பெருமூச்சுப் போல வெளியே வரும். உதவிக்கு நிற்கும் மகளோ மருமகளோ "யம்மா!" என்று அலறிவிடுவார்கள். உயிர் இருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். அதை விளக்கிச் சொல்வது இந்த வேலையிலேயே எனக்குக் கஷ்டமான இடம். அந்த ஒரு நொடியில் அவர்கள் முகத்தில் வரும் நம்பிக்கையை நானே அணைக்க வேண்டியிருக்கும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு முஸ்லிம் அக்காவிடம் இதில் நிறையக் கற்றுக்கொண்டேன். அவர்கள் வழக்கத்தில் வலது பக்கத்திலிருந்து கழுவத் தொடங்க வேண்டும், ஒற்றைப்படை எண்ணிக்கையில் கழுவ வேண்டும், கடைசித் தண்ணீரில் கற்பூரம் சேர்க்க வேண்டும். உடம்பின்மேல் எப்போதும் ஒரு துணி மூடியே இருக்க வேண்டும் என்பதில் அந்த அக்கா ரொம்பக் கறார். நானும் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். செத்தவர்களுக்கு வெட்கம் ஏது என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

சரி, எருசலேமுக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிவாக்கில் இயேசு இறந்துபோகிறார். சூரியன் மறைந்தால் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அப்புறம் எந்த வேலையும் செய்ய முடியாது. இடையில் அரிமத்தியா ஊரானாகிய யோசேப்பு பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்க வேண்டும். நூற்றுக்கு அதிபதியைக் கூப்பிட்டு, செத்தது உண்மைதானா என்று பிலாத்து விசாரிக்கிறான். பிறகு உடலைச் சுற்றத் துப்பட்டி வாங்க வேண்டும், ஆணிகளிலிருந்து இறக்க வேண்டும், சுமந்து போக வேண்டும். இத்தனைக்கும் கையில் இருந்தது இரண்டு, மூன்று மணி நேரம். யூத அதிகாரியான நிக்கொதேமு கொண்டுவந்த வெள்ளைப்போளமும் கரியபோளமும், அதாவது உடலோடு வைத்துச் சுற்றும் வாசனைப் பொருட்கள், ஏறக்குறைய நூறு இராத்தல் என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதுகிறார். அந்தக் காலத்து ரோம இராத்தலில் அது சுமார் 33 கிலோ. ராஜாவை அடக்கம் பண்ணுகிற அளவு. இருந்தாலும் வேலை அரைகுறையாகத்தான் முடிந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. பெரிய மனுஷர்கள் இரண்டு பேர், வாழ்க்கையில் இதற்கு முன் ஒரு பிணத்தைத் தொட்டிருப்பார்களோ என்னவோ, பொழுது சாயச் சாய அவசர அவசரமாகச் சுற்றி வைத்திருப்பார்கள்.

தள்ளி நின்று இதை மகதலேனா மரியாளும் இன்னொரு மரியாளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உடலை வைத்த இடத்தைப் பார்த்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். வைத்த விதத்தையும் பார்த்தார்கள் என்று லூக்கா சேர்த்துக்கொள்கிறார். அந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆண்கள் செய்த வேலையைப் பார்த்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை நாம வந்து ஒழுங்காச் செஞ்சுக்கிடலாம்" என்று தங்களுக்குள் பேசியிருப்பார்கள்.

அந்த ஞாயிறு விடியலில் அவர்கள் எதற்குத் தயாராகிப் போனார்கள் என்று எனக்குத் தெரியும். முப்பத்தாறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்ட உடல். விறைப்பு விட்டுப்போக ஆரம்பித்திருக்கும். வாடை தொடங்கியிருக்கும். மார்த்தாள் தன் தம்பி லாசருவின் கல்லறை வாசலில் நின்று, நாலு நாளாயிற்றே, நாறுமே என்று சொன்னாளே, அப்படிச் சொல்லத் தெரிந்த பெண்கள் இவர்கள். அதற்குத்தான் சுகந்தவர்க்கம், உடலில் பூசும் வாசனைப் பொருட்கள். வழியில் அவர்கள் பேசிக்கொண்டது என்ன? வாசலில் கிடக்கும் கல்லை நமக்கு யார் புரட்டிக் கொடுப்பார் என்று. எனக்கு இந்த ஒரு கேள்வி போதும், இந்தக் கதையை யாரும் உட்கார்ந்து ஜோடித்து எழுதவில்லை என்று நம்ப. வேலைக்குப் போகிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். வீட்டில் பெரிய பாத்திரம் இருக்குமா, தண்ணீர் சூடு பண்ண அடுப்பு காலியாக இருக்குமா, புரட்டிப் பிடிக்க ஆள் இருக்குமா என்றுதான் நானும் போகிற வழியில் யோசித்துக்கொண்டு போவேன்.

போனால், வேலை இல்லை. கல் புரட்டப்பட்டிருக்கிறது, உடல் இல்லை. துணி மட்டும் கிடக்கிறது. தலையில் சுற்றியிருந்த சீலை மற்றத் துணிகளோடு கிடக்காமல் தனியாகச் சுருட்டி ஓரிடத்தில் வைக்கப்பட்டிருந்தது என்கிறார் யோவான். அந்தச் சீலையை எப்படிக் கட்டியிருந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் கட்டும் தாடைத் துணிதான் எனக்கு நினைவுக்கு வரும். அதற்கு இனி வேலை இல்லை என்பதுபோலச் சுருட்டி வைத்த கையை நினைத்துப் பார்ப்பேன்.

இயேசு கூப்பிட்டு லாசரு கல்லறையை விட்டு வெளியே வந்தபோது அப்படி இல்லை. கை கால் கட்டப்பட்டபடி, முகம் சீலையால் சுற்றப்பட்டபடி வருகிறான். மற்றவர்கள்தான் கட்டவிழ்த்துவிட வேண்டியிருந்தது. இந்த வித்தியாசத்தை நான் ஆஸ்பத்திரியில்தான் புரிந்துகொண்டேன். அவசரப் பிரிவில் இதயம் நின்றுபோனவர்களை நெஞ்சை அழுத்தியும் ஷாக் கொடுத்தும் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறோம். வெளியே நிற்கும் சொந்தக்காரர்கள் "செத்துப் பிழைச்சு வந்திருக்கார்" என்று காலில் விழுவார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் பிழைத்து வந்தது இதே பழைய வாழ்க்கைக்கு. வேறொரு நாள், வேறொரு வார்டில், அதே ஆள் இறந்துபோவார். லாசருவும் பிறகு ஒருநாள் இறந்திருப்பான், அவன் அக்காமார் திரும்பவும் குளிப்பாட்டியிருப்பார்கள். இயேசுவைப் பற்றிச் சபை சொல்வது வேறு. அவர் மரணத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்பி வரவில்லை, அதற்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியேறினார். துணிகளை விட்டுவிட்டுப் போனார். இனி அவருக்கு அவை தேவைப்படாது.

இங்கேதான் எனக்கும் என் சபை ஜனங்களுக்கும் ஒரு சின்னத் தகராறு.

சாவு வீட்டில் ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள். "ஆத்துமா ஆண்டவர்கிட்டப் போயாச்சு. இது வெறும் கூடுதான், அழாதீங்க." நல்ல மனதோடு சொல்கிறார்கள், தெரியும். ஆனால் நான் அப்போதுதான் அந்தக் 'கூட்டை' ஒரு மணி நேரம் குளிப்பாட்டி, தலை சீவி, கல்யாணப் பட்டு உடுத்தி வைத்திருப்பேன். அந்தக் காலால் அந்த அம்மா எத்தனை வருஷம் பனங்காட்டுக்குப் பதநீர் சுமக்க நடந்திருப்பாள். அந்த வயிற்றில் பிள்ளை பெற்ற தழும்பு இருக்கும். அதைப் போய் வெறும் கூடு என்றால்?

ஞாயிறுதோறும் எழுந்து நின்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். அதில் ஆத்துமா பரலோகம் போகும் என்று ஒரு வரிகூட இல்லை. 'சரீரம் உயிர்த்தெழுதலும்' என்றுதான் இருக்கிறது. ஆத்துமா ஆண்டவரிடம் இருக்கிறது என்பதை நானும் நம்புகிறேன். தன்னோடு சிலுவையில் தொங்கின கள்ளனிடம் இயேசு, இன்றைக்கு நீ என்னுடனே பரதீசிலிருப்பாய் என்று சொன்னார்தானே. ஆனால் அது பாதி வழி. முழுசாகச் சொன்னால், இந்த உடம்புக்கும் ஒரு நாள் இருக்கிறது என்பதுதான் ஈஸ்டர். அதை விட்டுவிட்டால் மீதி இருப்பதைச் சொல்ல இயேசு கல்லறையை விட்டு வெளியே வந்திருக்கவே வேண்டாம்.

அப்போஸ்தலர் பவுலுக்கும் இதே தகராறு இருந்திருக்கிறது. அத்தேனே பட்டணத்தில் அறிவாளிகள் கூடும் மார்ஸ் மேடையில் அவர் பேசினதை எல்லாரும் ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மரித்தோரின் உயிர்த்தெழுதல் என்ற இடம் வந்ததும் சிலர் சிரித்துவிட்டார்கள். ஆத்துமா அழியாது என்று சொல்லியிருந்தால் கிரேக்கர்கள் சிரித்திருக்க மாட்டார்கள், அது அவர்களுக்குத் தெரிந்த சங்கதி. உடம்பு எழுந்திருக்கும் என்றதுதான் அவர்களுக்கு வேடிக்கை. கொரிந்து சபையிலும் சிலர் அப்படியே பேச, கி.பி. 55 வாக்கில் எபேசுவிலிருந்து அவர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதுகிறார். அதன் 15-ம் அதிகாரம்தான் நம் அடக்க ஆராதனைகளில் வாசிக்கப்படுவது. கிறிஸ்து எழுந்திருக்கவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா என்று அதில் போட்டு உடைக்கிறார். உயிர்த்தெழுந்தவரைக் கண்டவர்களின் பட்டியலும் தருகிறார்: கேபா என்கிற பேதுரு, பன்னிருவர், ஐந்நூறு பேருக்கு அதிகமானோர், யாக்கோபு. முதலில் கண்ட மகதலேனா மரியாள் அந்தப் பட்டியலில் இல்லை. பவுல் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அவரிடம் நேரில் கேட்க ஒரு கேள்வி பாக்கி வைத்திருக்கிறேன்.

எழுந்திருக்கிற உடம்பு எப்படி இருக்கும் என்று அவர் விதையை வைத்து விளக்குவார். விதைத்தது வேறாகவும் முளைப்பது வேறாகவும் தெரியும், ஆனாலும் இது அதிலிருந்துதான் வந்தது. தேரி மண்ணில் பனங்கொட்டை புதைக்கிற ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

சுவிசேஷங்களில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது உயிர்த்தெழுந்த இயேசு சாப்பிடும் இடங்கள். சீஷர்கள் ஆவியைக் கண்டதாகப் பயப்படுகிறார்கள். என்னைத் தொட்டுப் பாருங்கள், ஆவிக்கு மாம்சமும் எலும்பும் ஏது என்கிறார். அப்போதும் அவர்களுக்கு நம்ப முடியவில்லை. உடனே, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்கிறார். பொரித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுக்கிறார்கள், அவர்கள் கண் முன்னாலேயே சாப்பிடுகிறார். திபேரியாக் கடற்கரையில் அவரே கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்து, வாருங்கள் சாப்பிடலாம் என்று கூப்பிடுகிறார். மரணத்தை ஜெயித்தவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, இரவெல்லாம் வலை போட்டுக் களைத்து வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு. எத்தனை பிரசங்கத்தில் கேட்டாலும் எனக்கு இது சலிக்கவில்லை.

அப்புறம் அந்தக் காயங்கள். தோமாவிடம் கையையும் விலாவையும் காட்டுகிறார். கடவுள் எழுப்பின உடம்பில் தழும்பு ஏன் இருக்க வேண்டும்? ஒரு புண் ஆறிய பிறகு தோல் மூடிக்கொள்ளும், தழும்பு நிற்கும், அது வலிக்காது. டிரெஸ்ஸிங் செய்து செய்து பழகிய எனக்கு அவருடைய காயங்களும் அப்படி ஆறிப்போனவையாகத்தான் தோன்றுகின்றன. பட்டதெல்லாம் துடைத்து அழிக்கப்படவில்லை. ஆறியிருக்கிறது.

என் அம்மா கடகப் பெட்டி முடைகிறவள். ஓலையை வாரும்போது ஈர்க்கு கீறிக் கீறி வலது பெருவிரல் நகம் நடுவில் பிளந்து, கடைசி வரை இரண்டாகவே வளர்ந்தது. அவளைக் குளிப்பாட்டியதும் நான்தான். அந்த விரலுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கூட நின்ற சித்தி, "நான் செய்யட்டுமாம்மா?" என்றாள். வேண்டாம் என்றேன். உயிர்த்தெழும் நாளில் அம்மாவுக்கு அந்த நகம் சேர்ந்து நேராகிவிடுமா என்று நான் யோசிப்பதுண்டு. நேராகாவிட்டாலும் எனக்குச் சம்மதம். அது இல்லாத கையை எனக்கு அடையாளம் தெரியாது.

இப்படி எல்லாம் பேசுகிறவளுக்குச் சந்தேகமே வந்ததில்லையா என்றால், வந்திருக்கிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26-ம் தேதி நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு அரசு மருத்துவமனையில் டியூட்டியில் இருந்தேன். அன்று மதியத்திலிருந்து குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி பக்கமிருந்து உடல்கள் வந்துகொண்டே இருந்தன. குளிப்பாட்டவெல்லாம் எங்கே நேரம்? முகத்தில் மணலைத் துடைத்து, அடையாளம் தெரிவதற்காகத் திருப்பி வைத்தோம், அவ்வளவுதான். கரையில் பெரிய குழி தோண்டி ஒன்றாக அடக்கம் செய்தார்கள். கடலோடு போனவர்களுக்கு அதுவும் இல்லை. நானும் என் கையும் இவ்வளவு காலம் எதை நம்பிச் செய்தோமோ, அது அத்தனையும் அன்று அர்த்தமற்றதாகத் தெரிந்தது.

அடுத்த ஈஸ்டர் 2005 மார்ச் 27. மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உடன் வேலை பார்த்த கத்தோலிக்கத் தோழி ஒருத்தி, கடற்கரை ஊரில் தன் பங்குக்கோவிலில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்கு என்னையும் அழைத்துப்போனாள். எங்கள் சபையில் விடியலில் கூடுவோம், அவர்களுக்கு முந்தின இரவே. விளக்கெல்லாம் அணைத்து, வெளியே தீ மூட்டி, சாமியார் பெரிய பாஸ்கா மெழுகுதிரியில் சிலுவையும் அந்த வருஷத்தின் எண்களும் கீறுகிறார். பிறகு ஐந்து சாம்பிராணி மணிகளை அதில் பதிக்கிறார், ஐந்து காயங்களுக்காக. அந்தத் திரியிலிருந்துதான் கோவிலில் இருக்கும் எல்லாருடைய திரிக்கும் நெருப்பு போகிறது. கையில் இரண்டு மூன்று திரியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்தேன். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அல்லேலூயா பாடும்போது சிலர் பாடினார்கள், சிலர் வாயைத் திறக்கவே இல்லை. யாரும் யாரையும் பாடச் சொல்லி வற்புறுத்தவும் இல்லை. என் சந்தேகம் அன்றைக்கே தீர்ந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் காயம் பதித்த திரியைத் தவிர வேறு எந்த வெளிச்சத்தையும் அந்த ஊரில் அன்றைக்கு யாரும் ஏற்றியிருக்க முடியாது என்று தோன்றியது.

உடலே கிடைக்காதவர்கள் எப்படி எழுந்திருப்பார்கள்? இந்தக் கேள்வி புதிதல்ல. பிரான்சில் லியோன் என்று இப்போது சொல்கிற ஊரில், கி.பி. 177-ல் கிறிஸ்தவர்களைக் கொன்று, உடல்களை ஆறு நாள் வெளியே போட்டுவைத்து, பிறகு எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளினார்கள். உயிர்த்தெழுதல் நம்பிக்கையால்தானே இவர்கள் சாவுக்குப் பயப்படாமல் இருக்கிறார்கள், எழுந்திருக்க ஒன்றும் இல்லாமல் செய்துவிடுவோம் என்பது எண்ணம். சபை வரலாறு எழுதிய யூசேபியு இதைப் பதிவு செய்திருக்கிறார். தப்பிப் பிழைத்த சபையார் அடக்கம் பண்ண முடியவில்லையே என்று துக்கப்பட்டார்கள். ஆனால் நம்பிக்கையை விடவில்லை. மண்ணைப் பிசைந்து மனுஷனை உண்டாக்கினவருக்கு ஆற்றில் கரைந்த சாம்பல் பெரிய விஷயமா என்பதுதான் அன்று முதல் சபையின் பதில். கத்தோலிக்கச் சபை 1963-ல் தகனத்தை அனுமதித்ததும் இந்த அடிப்படையில்தான். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "எரிச்சா எப்படிம்மா எழும்புவோம்?" என்று கேட்டபோது லியோன் கதையைத்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "சரி, ஆனா என்னைப் புதைச்சிருங்க" என்றார். நியாயம்தான். எனக்கும் அதுதான் விருப்பம்.

2020-ல் ஈஸ்டர் ஏப்ரல் 12. கோவில்கள் பூட்டிக் கிடந்தன. அதற்கடுத்த ஞாயிறு சென்னையில் கொரோனாவால் இறந்த ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவரை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கூடி ஆம்புலன்ஸை அடித்து விரட்டியதும், நள்ளிரவில் சக மருத்துவர் ஒருவர் மண்வெட்டியை எடுத்து மண் தள்ளிப் புதைத்ததும் எல்லாருக்கும் நினைவிருக்கும். தன் கணவர் விரும்பினபடி கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் மறுபடி அடக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய மனைவி நீதிமன்றம் வரை போனார். இறந்தவருக்கு இனி எந்த மண்ணாயிருந்தால் என்ன என்று அப்போது சிலர் எழுதினார்கள். அந்த மனைவியின் பக்கம்தான் நான்.

இவ்வளவு எழுதிவிட்டு எங்கள் ஊர் ஈஸ்டரைச் சொல்லாமல் விட்டால் சரியாக இருக்காது. பெரிய வெள்ளியன்று மும்மணி தியானம் முடிந்து வந்து கஞ்சியும் காணத்துவையலும். சனிக்கிழமை முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் வேலை. முள் வெட்டுவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், குழந்தைகள் ஆளுக்கொரு பக்கம் எழுத்துக்குப் பெயின்ட் பூசுகிறேன் என்று தாத்தா பெயரையே தப்பாக எழுதி வைப்பார்கள். ஞாயிறு நாலரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் கூடி, பாட்டோடு பவனியாகக் கோவிலுக்குப் போவோம். ஈஸ்டர் எப்போதும் பௌர்ணமிக்குப் பிந்தின ஞாயிறு என்பதால் அந்நேரத்துக்கு வானத்தில் நிலா இருக்கும், டார்ச்லைட் தேவைப்படாது. மரியாளும் மற்றவர்களும் போன விடியலிலும் யூதரின் பஸ்கா பண்டிகை நிலா இருந்திருக்கும்.

ஈஸ்டர் விடியலில் கல்லறையில் கூடும் வழக்கத்துக்குப் பழைய வேர் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் 1732-ல் மொரேவியச் சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையின் வாலிபர்கள் சூரியன் உதிக்கும் முன் தங்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் பாடிக்கொண்டு போனார்கள். அவர்களுடைய கல்லறைகள் எல்லாம் ஒரே மாதிரி தட்டைக் கற்கள், பணக்காரன் ஏழை வித்தியாசம் தெரியாது. நம் பக்கத்தில் இப்போது கிரானைட்டும் போட்டோவும் டைல்ஸும் போட்டிபோடுகின்றன. டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் தனக்குக் கல்லறைக் கல்லே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1931-ல் கீழே விழுந்து, 1951-ல் இறக்கும் வரை ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையோடு இருந்தவர் அவர். அந்த இடத்தில் பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள். கிரானைட்காரர்களிடம் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை.

இப்போது என்னோடு உதவிக்கு வருவது தங்கச்சி மகள், நர்சிங் படிக்கிறாள். போன மாதம் ஒரு வீட்டில் வேலை முடித்துத் திரும்பும்போது கேட்டாள்: "பெரியம்மா, அந்தப் பொம்பளைங்க வாங்கிட்டுப் போன சுகந்தவர்க்கத்தை அப்புறம் என்ன செஞ்சிருப்பாங்க?" இத்தனை வருஷத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. எந்தச் சுவிசேஷத்திலும் பதில் இல்லை. விலை கூடின சாமான், தூக்கிப் போட்டிருக்க மாட்டார்கள். அடுத்து வந்த சாவுக்கு எடுத்து வைத்திருப்பார்கள் என்றேன். ஈஸ்டருக்குப் பிறகும் ஜனங்கள் இறந்துகொண்டுதானே இருந்தார்கள். அப்போஸ்தலர் நடபடிகளில், யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் இறந்தபோது அவளைக் குளிப்பாட்டி மேல்வீட்டில் கிடத்தினார்கள் என்று இருக்கிறது. கிறிஸ்து உயிர்த்தெழுந்தார் என்று முழுசாக நம்பின சபை அது. அவர்களும் தண்ணீர் காய்ச்சினார்கள். பேதுரு வந்தபோது விதவைகள் அழுதுகொண்டு, அவள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த உடுப்புகளை எடுத்துக் காட்டினார்கள்.

இந்த வருஷம் கல்லறைத் தோட்டத்தில் வேதபாடம் வாசிக்க அவளுடைய முறை. மாற்கு 16. எட்டாம் வசனத்தோடு நிறுத்திவிடு என்று சொல்லியிருக்கிறேன். பெண்கள் நடுங்கித் திகைத்து, பயத்தில் யாருக்கும் ஒன்றும் சொல்லாமல் ஓடிப்போகிற இடம் அது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இரண்டிலும் மாற்கு அங்கேதான் முடிகிறது. குருவானவருக்கு இதில் சம்மதமில்லை. பண்டிகை நாளும் அதுவுமாகப் பயந்து ஓடினார்கள் என்று முடித்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள், இருபதாம் வசனம் வரை வாசிக்கட்டும் என்கிறார். வேலைக்கென்று போன இடத்தில் உடல் இல்லாமல் போனால் நானும் ஓடித்தான் இருப்பேன் என்று அவரிடம் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.